மணலியின் வெள்ளைத் தூள்

1917 ஏப்ரல் 16. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் டேங்குகளைக் களத்தில் இறக்கிய முதல் நாள் அது. ஜுவான்கூர் என்ற ஊருக்கு அருகே பல டேங்குகள் அடிபட்டு முடங்கின. எதிரியின் பீரங்கிகள் ஓயாமல் சுட்டுக்கொண்டிருக்க, முடங்கிய வண்டிகளைப் பழுது பார்க்க ஆட்களைத் திரட்டி வேலை வாங்கினார் 24 வயது லெஃப்டினன்ட் ஒருவர். அந்தச் சண்டையில் அவருக்குப் பலத்த காயம். பிறகு வீரப் பதக்கம் கிடைத்தது. பெயர் யூஜின் ஹூட்ரி.

டேங்க் மெக்கானிக்குகளின் ஊரான ஆவடியில் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. ஹூட்ரி வேதியியல் படித்தவர் அல்ல, மெக்கானிக்கல் எஞ்சினியர். ஆனாலும் போர் முடிந்து பத்து ஆண்டுகளுக்குள், அமிலத்தன்மை கொண்ட ஒரு களிமண்ணை வைத்துக் கனத்த எண்ணெயை உயர்தரப் பெட்ரோலாக உடைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் அவர்தான். இன்று மணலி ரிஃபைனரியில் இரவு பகலாக ஓடும் 'கேட் கிராக்கர்', அதாவது வினையூக்கியால் எண்ணெயை உடைக்கும் உலை, அந்தக் களிமண்ணின் வாரிசு.

சென்னையின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் மேற்கையும் வடக்கையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதிவிடுகிறார்கள். மேற்கே அம்பத்தூரில் சைக்கிள், டயர், சிறுதொழில் எஸ்டேட், பாடியில் மோட்டார் உதிரிபாகங்கள், ஆவடியில் டேங்க். வடக்கே மணலியில் எண்ணெய், உரம், ரசாயனம். நடுவில் இருப்பது இருபது கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். மேற்கே செய்த வண்டிகள் ஓடியது வடக்கே காய்ச்சிய எண்ணெயில். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

*

கச்சா எண்ணெய் ஒரே பொருள் அல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை. நாலு கார்பன் வரை உள்ளது வாயு. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை உள்ளது பெட்ரோல். அதற்கு மேல் மண்ணெண்ணெய், டீசல். இருபது, முப்பது என்று நீண்ட சங்கிலிகள் கொண்டவை கருத்த, கெட்டியான எண்ணெய்கள். காய்ச்சி வடித்தால் இவை கொதிநிலைப்படி பிரியும், அவ்வளவுதான். எண்ணெயில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வரும். பெரும்பாலான எண்ணெய்களில் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை.

மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் இது பிரச்சினையே இல்லை. மோட்டார் கார் வந்தது, கணக்கு தலைகீழானது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, கனத்த எண்ணெய்க்கு ஆள் இல்லை. நீண்ட சங்கிலியை நடுவில் உடைக்க முடிந்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியில் வில்லியம் பர்ட்டன் 1913இல் அதைச் செய்தார். அவர் வழி முரட்டு வழி: மூடிய கொப்பரையில் எண்ணெயை அழுத்தத்தோடு சூடாக்கு, சங்கிலி தானாக உடையும். உடைந்தது. ஒரு பீப்பாயில் கிடைத்த பெட்ரோல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இந்தக் கம்பெனியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மணலிக் கதையில் இது மறுபடி வரும்.

வெறும் வெப்பத்தில் உடைத்த பெட்ரோலில் ஒரு குறை இருந்தது. பிஸ்டன் அழுத்தும்போது, தீப்பொறி விழுவதற்கு முன்பே அல்லது விழுந்ததும் தாறுமாறாக வெடித்து எஞ்சினைத் தட்டும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். நேராக நீண்ட சங்கிலிகள் எளிதில் நாக் செய்யும். கிளை விட்ட சங்கிலிகள் பொறுத்து எரியும். ஏழு கார்பன் நேர்ச்சங்கிலியான ஹெப்டேனுக்குப் பூஜ்யம், எட்டு கார்பன் உள்ள கிளைச்சங்கிலியான ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்று வைத்து அளப்பதுதான் ஆக்டேன் எண். ஆகவே உடைத்தால் மட்டும் போதாது. உடையும்போதே கிளை விட வேண்டும். கொப்பரையும் நெருப்பும் அதைச் செய்யாது.

*

ஹூட்ரிக்குக் கார் பந்தயத்தில் பைத்தியம். போருக்குப் பின் அமெரிக்கா போய் இண்டியானாபொலிஸ் பந்தயத்தைப் பார்த்தார், ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்தார். எஞ்சினை எவ்வளவு திருத்தினாலும் நல்ல பெட்ரோல் இல்லாமல் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார். பிரான்சில் எண்ணெய் வளம் இல்லை. பழுப்பு நிலக்கரி உண்டு. நெய்வேலியில் நாம் வெட்டியெடுக்கிறோமே, அதே வகை. அதிலிருந்து பெட்ரோல் எடுக்க ஒரு முறையை வளர்த்து, 1929இல் நாளொன்றுக்கு 60 டன் நிலக்கரி செல்லும் ஆலையையும் நிறுவினார். காசுக்குக் கட்டுப்படியாகவில்லை. அரசு கைவிட்டது.

இதற்கிடையே கனத்த பெட்ரோலிய எண்ணெயின் ஆவியைப் பலவிதப் பொருள்கள் மேல் செலுத்திச் சோதித்துக்கொண்டே இருந்தார். 1927இல் சிலிக்காவும் அலுமினாவும் கலந்த, அமிலம் இட்டுப் பதப்படுத்திய களிமண் கைகொடுத்தது. கிடைத்த பெட்ரோல் நாக் செய்யவில்லை. ஆனால் சில நிமிடங்களில் களிமண் கறுத்துச் செயலிழந்தது. எண்ணெயின் ஒரு பகுதி கரியாக மாறி அதன் மேல் படிந்துவிட்டது.

அமில வினையூக்கியை எண்ணெயில் போட்டுப் பார்த்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். கல்ஃப் கம்பெனியின் ஆல்மர் மக்காஃபி 1915லேயே அலுமினியம் குளோரைடைக் கொண்டு எண்ணெயை உடைத்தார். வினையூக்கி சேறாகி வீணானது, மீட்க முடியவில்லை. வேதியியல் தெரிந்தவர்கள் தயங்கி நின்ற அந்த இடத்தில்தான் மெக்கானிக்கல் எஞ்சினியர் ஒருவர் தேவைப்பட்டார். கரி படிகிறதா? காற்றைச் செலுத்தி எரித்துவிடு, களிமண் மறுபடி வெளுக்கும். அந்தச் சூட்டையே அடுத்த வட்டத்துக்குப் பயன்படுத்து. ஒரு உலை எண்ணெயை உடைக்கும்போது இன்னொன்றில் கரி எரியட்டும், மூன்றாவதில் ஆவியைத் துடைத்தெடுக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வால்வுகள் தாமாகத் திறந்து மூடி வேலையை மாற்றிக்கொள்ளட்டும். ஒரு வால்வு தவறினால் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து வெடித்துவிடும் என்பதால், அந்த வால்வுகளையும் அவற்றை இயக்கும் கடிகார அமைப்பையும் செய்து முடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

1930இல் ஹூட்ரி அமெரிக்கா போனார். 1937 மார்ச் இறுதியில் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹுக்கில், சன் ஆயில் கம்பெனியின் ரிஃபைனரியில், நாளுக்கு 12,000 பீப்பாய் எண்ணெயை உடைக்கும் முழு அளவு ஆலை ஓடத் தொடங்கியது. வினையூக்கியால் எண்ணெயை உடைக்கும் தொழில் அன்றுதான் பெரிய அளவில் பிறந்தது.

*

களிமண்ணுக்குள் என்ன நடக்கிறது? அதை ஓடவிட்டவர்களுக்கே முதல் பத்தாண்டு தெளிவாகத் தெரியாது. 1940களின் கடைசியில் ஷெல் ஆய்வகத்திலும் பிற இடங்களிலும் வேலை செய்தவர்கள் விடையைக் கோத்துச் சொன்னார்கள்.

சிலிக்கா என்பது சிலிக்கான் அணுக்களை ஆக்சிஜன் அணுக்கள் பிணைத்த வலை. அந்த வலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்கார்ந்துவிட்டால் கணக்கு உதைக்கும். சிலிக்கானுக்கு நான்கு நேர்மின், அலுமினியத்துக்கு மூன்று. குறைந்த ஒரு நேர்மின்னை ஈடுகட்ட ஒரு ஹைட்ரஜன் அயனி, அதாவது ஒரு புரோட்டான், அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இறுக்கமாக அல்ல, யார் கேட்டாலும் கொடுத்துவிடும் நிலையில். புரோட்டானைக் கொடுப்பதுதான் அமிலம். கந்தக அமிலம் பாட்டிலில் இருக்கிறது, இது கல்லில் இருக்கிறது. ஊற்ற முடியாது, ஆவியாகாது, குழாயை அரிக்காது. வேலை முடிந்ததும் எண்ணெயிலிருந்து தானே பிரிந்துவிடும். திண்ம அமிலம் என்பதன் முழு லாபமும் இதுதான்.

பதினாறு கார்பன் கொண்ட ஒரு சங்கிலி இந்தப் புள்ளியை வந்து தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு கார்பன் நேர்மின் ஏற்றம் பெறுகிறது. சங்கிலியின் முனையில் இருக்க அந்த மின்னேற்றத்துக்குப் பிடிக்காது, உள்ளே நகரும். நகரும்போது சங்கிலி தன்னைத் திருத்திக்கொண்டு கிளை விடும். பிறகு மின்னேற்றம் இருக்கும் கார்பனுக்கு அடுத்த பிணைப்பை விட்டு, அதற்கும் அடுத்த பிணைப்பு அறும். ஒரு துண்டு இரட்டைப் பிணைப்போடு விலகிப் போகும். இன்னொரு துண்டு மின்னேற்றத்தைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துச் சங்கிலி ஒன்றிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு விடுதலையாகும். பறிகொடுத்த சங்கிலி இப்போது அதே பாட்டுக்கு ஆடும். புரோட்டான் செலவாகவில்லை, அடுத்தடுத்து வேலை நடக்கிறது.

வெறும் சூட்டில் உடைந்தால் மீத்தேன், எத்திலீன் என்று சில்லறைத் துண்டுகள் நிறைய விழும். அமிலத்தில் உடைந்தால் மூன்று, நான்கு கார்பனுக்குக் கீழே அதிகம் போகாது; பெட்ரோல் அளவில் கிளைத்த துண்டுகள் நிறையக் கிடைக்கும். ஹூட்ரியின் பெட்ரோல் ஏன் நாக் செய்யவில்லை என்பதற்கு இதுதான் விடை. நேர்மின் கார்பன் அயனிகள் பற்றிய ஆராய்ச்சிக்காக ஜார்ஜ் ஓலாவுக்கு 1994இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

*

இரண்டாம் உலகப் போர் வந்ததும் போர் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் வேண்டியிருந்தது. முதல் ஆண்டுகளில் ஹூட்ரி உலைகள் அதற்கு அடிப்படைச் சரக்கைத் தந்தன. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடும் உலை போதவில்லை. நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் கேம்ப்பெல், மார்ட்டின், மர்ஃப்ரீ, டைசன் என்ற நால்வர் வேறு வழி கண்டார்கள்: களிமண்ணை ஓரிடத்தில் கட்டிப்போடாதே, தூளாக்கு. காற்று புகுந்த தூள் நீர்மம் போல ஓடும். அதைக் குழாய் வழியே உடைக்கும் உலைக்கும் எரிக்கும் உலைக்கும் இடையே சுற்றவிடு. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லூயிஸ், கில்லிலண்ட் ஆகியோர் தூளின் ஓட்டக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். 1942 மே 25 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜில் முதல் ஆலை ஓடியது. இன்றைய எல்லா கேட் கிராக்கர்களுக்கும் அதுவே மூலம்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் பின்னால் பெரிய இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் கரியைப் போட்டு, வரும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதை அந்தத் தலைமுறையின் எல்லா வீடுகளிலும் உண்டு. ஆவடியில் ராணுவக் கிடங்குகள் எழுந்தன. செங்குன்றத்தைத் தாண்டி சோழவரத்தில் விமான ஓடுபாதை ஒன்று போடப்பட்டது. போர் முடிந்து அது சும்மா கிடந்தபோது, 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் பந்தயம் நடத்தியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தனிப் பந்தயத்தடம் திறக்கும்வரை சோழவரம்தான் தென்னிந்தியப் பந்தயங்களின் தலைநகரம். போர் விமானங்களுக்குப் போட்ட பாதையில் பந்தயக் கார்கள் ஓடின. ஹூட்ரி பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

*

மணலிக்கு வரும் வழி ஆவடி வழியாகத்தான் போகிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைவர் தேபர், விருந்தோம்பியது காமராஜர் முதல்வராக இருந்த மாநிலம். சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம், கனிம எண்ணெயை அரசின் பொறுப்பில் இருக்க வேண்டிய தொழில்களின் பட்டியலில் வைத்தது. தளவாடமும் அதே பட்டியலில். ஆவடிப் பந்தலில் எழுந்த சொற்கள் ஒரு பக்கம் டேங்க் ஃபேக்டரியாகவும் இன்னொரு பக்கம் ரிஃபைனரியாகவும் அதே நகரின் இரு ஓரங்களில் உருவெடுத்தன என்று சொன்னால் மிகையாகாது.

கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் ஆவடியில் நிறுவப்பட்டது. 1965இல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. அதன் லேலண்ட் எல்-60 எஞ்சின், டீசல், பெட்ரோல் என்று பலவகை எரிபொருளிலும் ஓட வேண்டும் என்ற நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டது. போர்க்களத்தில் எந்த எண்ணெய் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949லிருந்தே கால் ஊன்றியிருந்தது. 1950களின் இறுதியில் டன்லப் டயர் தொழிற்சாலை வந்தது. 1964இல் தொழிற்பேட்டை.

விஜயந்தா வெளிவந்த அதே 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் உருவானது. நூற்றுக்கு 74 பங்கு இந்திய அரசு; ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13; மீதி 13 அமெரிக்காவின் ஆமாக்கோவுக்கு. ஆமாக்கோ வேறு யாருமல்ல, பர்ட்டனின் இண்டியானா ஸ்டாண்டர்டு ஆயில்தான். கொப்பரையில் எண்ணெயை உடைத்துக் காட்டிய கம்பெனி அரை நூற்றாண்டு கழித்து மணலியில் பங்காளியானது. 43 கோடி ரூபாய் செலவில், 27 மாதத்தில் கட்டி முடித்து, 1969இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 25 லட்சம் டன். ஈரானின் டாரியஸ் கச்சா எண்ணெய் கப்பலில் வந்தது.

அந்த முதல் ரிஃபைனரியில் கேட் கிராக்கர் கிடையாது. காய்ச்சிப் பிரித்தார்கள், மசகு எண்ணெய்க்கான மூலச்சரக்கு எடுத்தார்கள், அடியில் தங்கியதில் பெரும்பகுதி உலை எண்ணெயாகப் போனது. அந்தக் காலத்துக்கு அது தவறான கணக்கும் அல்ல. வார்ப்படச் சாலைகளுக்கும் பாய்லர்களுக்கும் மலிவான ஃபர்னஸ் ஆயில் தேவைப்பட்டது. எஸ்டேட் பட்டறைகளின் உலைகள் அதில்தான் எரிந்தன.

1973இலும் 1979இலும் எண்ணெய் விலை ஏறியபோது கணக்கு மாறியது. டாலர் கொடுத்து வாங்கிய எண்ணெயின் கால்வாசிக்கு மேல் பாய்லரில் போட்டு எரிப்பது நாட்டுக்குக் கட்டுப்படியாகாது. 1980களின் நடுவில் மணலியின் கொள்ளளவு 56 லட்சம் டன்னாக உயர்ந்தது. அந்த விரிவாக்கத்தோடு கேட் கிராக்கரும் வந்தது. சமையல் எரிவாயுவுக்கு மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கேட் கிராக்கர் பெட்ரோலை மட்டும் தருவதில்லை. உடைந்த துண்டுகளில் மூன்று, நான்கு கார்பன் உள்ளவை சிலிண்டருக்குப் போகின்றன. மண்ணெண்ணெய் ஸ்டவ்விலிருந்து காஸ் அடுப்புக்கு மாறிய கதையில் இந்த உலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. பெண்கள் புகையிலிருந்து விடுபட்டதைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

*

கேட் கிராக்கரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். உயரமான செங்குத்துக் குழாய் ஒன்று, பெயர் ரைசர். அதன் அடியில் ஏறக்குறைய 700 டிகிரி சூட்டில் வினையூக்கித் தூள் வந்து விழுகிறது. அதன் மேல் கனத்த எண்ணெயைப் பூந்தூறலாகப் பீய்ச்சுகிறார்கள். தொட்ட கணத்தில் எண்ணெய் ஆவியாகி, தூளையும் தூக்கிக்கொண்டு மேலே பாய்கிறது. உச்சிக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று வினாடி. அதற்குள் உடைப்பு வேலை முழுதும் முடிந்துவிடும். உச்சியில் சூட்டின் அளவு 500 டிகிரிக்குச் சற்று மேல். அங்கே சைக்ளோன்கள் தூளைச் சுழற்றிப் பிரிக்கின்றன. ஆவி வடிகோபுரத்துக்குப் போகிறது. கரி படிந்து சாம்பல் கறுப்பான தூள், நீராவியில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, ரீஜெனரேட்டரில் இறங்குகிறது. அங்கே காற்று பட்டுக் கரி எரிய, மறுபடி வெளுத்து ரைசருக்குத் திரும்புகிறது. ஒரு டன் எண்ணெயை உடைக்க ஐந்து முதல் எட்டு டன் தூள் சுற்ற வேண்டும். தனியாக அடுப்பு வேண்டாம். தான் கக்கிய கரியை எரித்தே தனக்கு வேண்டிய சூட்டை இந்த உலை தேடிக்கொள்கிறது.

மணலியில் கேட் கிராக்கர் வரும்போது தூளும் பழைய களிமண்ணாக இல்லை. 1756இல் ஸ்வீடன் கனிமவியலாளர் கிரான்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது நீர் கக்கிக் கொதித்தது. சியோலைட் என்ற அந்தக் கல்வகையின் உள்ளே, அணு அளவில், ஒழுங்கான அறைகளும் வாசல்களும் உண்டு. யூனியன் கார்பைடில் மில்ட்டனும் பிரெக்கும் சியோலைட்டுகளைச் செயற்கையாகச் செய்தார்கள். மோபில் கம்பெனியின் சார்லஸ் பிளாங்க், எட்வர்ட் ரோசின்ஸ்கி இருவரும் அவற்றை எண்ணெய் உடைக்கும் வினையூக்கியாக்கினார்கள். 1964இல் அது சந்தைக்கு வந்தது. பழைய தூளில் அமிலப் புள்ளிகள் கண்டபடி சிதறியிருந்தன. சியோலைட்டில் ஒவ்வொன்றும் அளந்து வைத்த இடத்தில் இருக்கிறது. அதே எண்ணெயில் பெட்ரோல் கூடியது, வீண்கரி குறைந்தது.

ஒரு கிராம் தூளின் உள்பரப்பையெல்லாம் பிரித்து விரித்தால் எவ்வளவு வரும் தெரியுமா? 200 முதல் 300 சதுர மீட்டர். அம்பத்தூர்க்காரர்கள் புரிந்துகொள்ளும் கணக்கில், சுமார் ஒரு கிரவுண்டு மனை. ஒரு கிராமுக்குள்.

*

இந்த அறிவியலில் தமிழர்களின் கை உண்டு. லயோலா கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1967இல் முனைவர் பட்டம் பெற்ற பால் இரத்தினசாமி, டேராடூனின் இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்திலும் பிறகு புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலும் சியோலைட்டுகளில் உழைத்தார். அவர் குழு உருவாக்கிய என்சிலைட் வகை சியோலைட்டுகள் 1980களில் வடோதராவிலும் விசாகப்பட்டினத்திலும் தொழிற்சாலைகளில் ஓடின. விசாகப்பட்டினத்தில் ஓடியது வெளிநாட்டவர் பலரும் யோசித்திராத வழி: எத்திலீனுக்குப் பதிலாக ஆல்கஹாலையும் பென்சீனையும் சேர்த்து எத்தில்பென்சீன் செய்வது. எத்திலீன் கிடைக்காத ஊரில் கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வரும் ஆல்கஹால் கைகொடுக்கும் என்பது நம் நிலைமை தெரிந்தவருக்குத்தான் தோன்றும். அவர் பிற்பாடு புனே ஆய்வகத்தின் இயக்குநரானார்.

சென்னையிலேயே, ஐ.ஐ.டி.யில் வினையூக்கிகள் பற்றிய ஆய்வு பல பத்தாண்டு மரபு கொண்டது. பேராசிரியர் பி. விஸ்வநாதன் தலைமையில் 2006இல் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையம் அங்கே அமைந்தது. ஃபரிதாபாதில் இந்தியன் ஆயில் ஆய்வாளர்கள் வடிவமைத்த 'இண்ட்மேக்ஸ்' முறை, சிறிய வாசல் கொண்ட சியோலைட்டையும் தூளில் சேர்த்து, கனத்த எண்ணெயிலிருந்து சமையல் எரிவாயுவையும் புரோப்பிலீனையும் அதிகமாக எடுக்கிறது. பாரதீப் ரிஃபைனரியில் அது பெரிய அளவில் ஓடுகிறது. காப்புரிமைக்குப் பணம் கட்டி வாங்கிய தொழிலை நாமே வடிவமைக்கும் நிலைக்கு வர அரை நூற்றாண்டு ஆனது. பெருமைப்படலாம்.

*

1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. மெக்கானிக்குகள் வாயில் அது 'கேட்கான்'. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் கேட்கான் செத்துவிடும். நாக்கிங்கைத் தடுக்கத்தான் ஈயம் கலந்து வந்தார்கள். ஈயத்தை எடுத்துவிட்டு ஆக்டேனை நிறுத்த வேண்டுமானால் பெட்ரோலே நல்ல கிளைச்சங்கிலிகளோடு வர வேண்டும். கேட் கிராக்கர் அதற்குக் கைகொடுத்தது. 2000 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் ஈயம் போனது. குழந்தைகளின் ரத்தத்திலிருந்து ஒரு நஞ்சை விலக்கிய முடிவு அது.

கேட்கானை உருவாக்கிய முன்னோடி யார்? அதே ஹூட்ரி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தைக் கண்டு, 1950களில் வண்டிப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஈயப் பெட்ரோல் ஓடிய காலம், பெட்டி பயன்படவில்லை. 1962இல் இறந்த அவர் அது உலகெங்கும் ஓடியதைப் பார்க்கவில்லை. பாடி, அம்பத்தூர் ஒர்க்‌ஷாப்களில் ஒரு காரைத் தூக்கி நிறுத்தினால், டேங்கில் இருக்கும் பெட்ரோலிலும் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் பெட்டியிலும் அந்த டேங்க் லெஃப்டினன்டின் கைவண்ணம் இருக்கிறது.

மணலி அதற்குப் பிறகும் வளர்ந்தது. 2000இல் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆனது. 2004 விரிவாக்கத்தில் ஹைட்ரோகிராக்கர் வந்தது. அங்கேயும் வேலை செய்வது திண்ம அமிலம்தான், கூடவே உயர் அழுத்த ஹைட்ரஜன். கரி படிய விடாது. டீசல் நிறையத் தரும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளுக்கு அந்த டீசல் உதவுகிறது. கேட் கிராக்கரின் புரோப்பிலீன் பக்கத்திலிருக்கும் மணலி பெட்ரோகெமிக்கல்ஸுக்குப் போய், மெத்தைக்கும் இருக்கைக்குமான நுரைப்பஞ்சின் மூலப்பொருளாகிறது. இத்தகைய உலைகளின் அடியில் தங்கும் கனத்த கசடு எண்ணெயிலிருந்து கார்பன் பிளாக் செய்யலாம்; டயரின் கறுப்பும் உறுதியும் அதிலிருந்து வருபவை.

இந்தக் கதைக்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். மணலியிலும் எண்ணூரிலும் மூச்சுவிடும் காற்றைப் பற்றி மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. மேற்குப் புறநகரின் வேலைவாய்ப்பும் வண்டியும் அடுப்பும் வளர்ந்ததில், வடசென்னை சுமந்த சுமையும் சேர்ந்திருக்கிறது. வரலாறு எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுதுவது நியாயமில்லை.

இன்னொரு குறையும் இருக்கிறது. ஹூட்ரியின் மார்கஸ் ஹுக் ஆலையையும் பேட்டன் ரூஜ் ஆலையையும் அமெரிக்க வேதியியல் சங்கம் வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்துக் கல்வெட்டு வைத்திருக்கிறது. மணலியில் முதல் கேட் கிராக்கரை ஓடவிட்ட ஆபரேட்டர்கள், முதல் விஜயந்தாவைப் பூட்டிய ஃபிட்டர்கள், எஸ்டேட்டில் ஃபர்னஸ் ஆயில் அடுப்பின் முன் நின்ற வார்ப்படத் தொழிலாளிகள் ஆகியோரில் பலர் இன்று எண்பதை நெருங்கியிருப்பார்கள். முதல் ஷிஃப்டில் என்ன நடந்தது, தூள் முதன்முதலாகச் சுற்றியபோது கன்ட்ரோல் ரூமில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு, செல்போனில் பதிவு செய்து, ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.